உன் இஷ்டம்

கம்பெனியில் வேலை கிடைத்த செய்தியை நான் தறியில் உட்கார்ந்தபடியேதான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வேறு எங்கே சொல்வது? நாள் முழுக்க நாங்கள் இருவரும் இருப்பது அங்கேதான். அவர் தலையைத் தூக்கவில்லை, கையையும் நிறுத்தவில்லை. "உன் இஷ்டம்மா" என்றார். எனக்கு அது சம்மதமாகத்தான் பட்டது. சந்தோஷத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டால் "பசியில்ல" என்றார். உப்பைப் பற்றி அவருக்கு அப்போது தெரிந்திருக்க வழியில்லை. 

எங்கள் தறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கு இழையைச் சுமந்துகொண்டு ஓடுகிற கட்டைக்கு நாடா என்று பெயர்; உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா ஓட வேண்டும். இரண்டு நிறமும் சந்திக்கிற இடத்தில் ஒவ்வொரு வரிசையிலும் இழையோடு இழையைக் கோர்த்துவிட வேண்டும். ஒண்டி ஆளால் ஆகிற வேலை இல்லை. அவர் குழியில் காலை விட்டு நடுவில் உட்கார்வார். நான் வலப்பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவை ஓட்டுவேன். அவர் கை போனால் என் கை வர வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் கோர்வையில் தெரிந்துவிடும்.

நான் நெசவு வீட்டில் பிறந்தவள் இல்லை. ஓரிக்கைப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன குடும்பம் எங்களுடையது. கல்யாணமாகி வந்த பிறகுதான் நாடாவைத் தொட்டேன். கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பொறுமையாகத்தான் கற்றுக்கொடுத்தார், அதை மறைக்கக் கூடாது. மகள் பிறந்து, வளர்ந்து, பதினொன்றாம் வகுப்புக்கும் வந்துவிட்டாள். இத்தனை வருடமும் நான் அந்த வலப்பக்கத்திலேயேதான் இருந்தேன். கூலி அவர் பேரில் வரும். "உன் வீட்டுக்காரர் நல்லா நெய்றாரு" என்று ஊர் சொல்லும். சேலையின் வலது கரை தானாக முளைத்தது போல.

அதனால்தான் எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. ஒரகடம் பக்கத்தில் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனி. வரிசையில் வருகிற பாகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை, பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. ஆனால் நாற்காலி உண்டு, முதுகைச் சாய்க்கலாம். கழுத்தில் என் பெயர் போட்ட அட்டை தொங்கும். பெரிய காஞ்சிபுரத்து பஸ் ஸ்டாப்புக்கே கம்பெனி பஸ் வரும். அந்த அட்டையின் மேல் எனக்கு இருந்த ஆசையை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

"உன் இஷ்டம்" என்று சொன்ன மனிதர் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் கஷ்டமே. மெடிக்கல் டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவராகத்தான் சொன்னார். காலையில் கிளம்பும்போது வண்டியில் பெட்ரோல் இல்லை. "மறந்துட்டேம்மா" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஆட்டோ பிடித்து ஓடினேன். மறதி யாருக்கும் வருவதுதானே என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். கம்பெனிக்குக் கறுப்பு ஷூ வேண்டும் என்றதும் கடைக்குப் போனவரும் அவர்தான். கொண்டுவந்தது மகளுக்குக்கூடப் பத்தாத அளவு. மாற்றித் தரச் சொன்னால் சரி என்றார். அந்தப் பெட்டி மறுபடி கடைக்குப் போகவே இல்லை.

நேராக என்னிடம் பேச வேண்டியதெல்லாம் மகள் வழியாக வரத் தொடங்கியது. "உங்கம்மாவுக்கு இனிமே நம்ம வூட்டு சோறு எறங்குமாம்மா? அங்க கேன்டீன்ல ஏசி போட்டு சாப்பாடு போடுவாங்களே" என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். மகளும் சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன். சிரித்த வாய் மூடுவதற்குள் நெஞ்சு படபடவென்று அடிக்கும். என்ன சிரிப்பு அது, எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்டால் நான்தான் சண்டைக்காரி ஆவேன். விளையாட்டுக்குச் சொன்னதற்குப் போய் இப்படி எடுத்துக்கொள்கிறாளே என்பார்கள். நாத்தனார் ஊரிலிருந்து போன் செய்து, "எந்தம்பி தங்கம், வேற வூட்ல அனுப்புவாங்களா?" என்று வேறு கேட்டாள். தங்கம்தான், யார் இல்லை என்றது?

மனசில் ஏதாவது இருக்கிறதா என்று நான் இரண்டு மூன்று தரம் கேட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லையே என்பார், முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. கல்லுளிமங்கன் போன வழி காடுமேடெல்லாம் தவிடுபொடி என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் மெல்ல மெல்லப் பைத்தியம் போல ஆனேன். அவர் தம்ளரைக் கீழே வைக்கிற சத்தத்தை எடைபோடுவேன். இன்றைக்கு வைத்தது நேற்றைவிடக் கொஞ்சம் ஓங்கியா, சாதாரணமாகவா? வெளியே போனவருக்குப் போனில் ஏதாவது கேட்டு அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது சரி என்கிற கட்டைவிரலா, போடி என்கிற கட்டைவிரலா? எல்லாவற்றையும்விடத் தறிதான் என்னைக் கொன்றது. அவர் கோபமாக இருந்தால், இழையை நெருக்கப் பலகையை அடிக்கிற அடி மாறும். அது எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் அடி முன்பைவிட அரை இழை வேகமாக விழுந்தது. என் கை பிந்தியது. நாடாவை அவசரமாக இழுத்தால் கோர்வை சுருங்கும், விட்டுப் பிடித்தால் தொங்கும். நான் சொதப்புகிற ஒவ்வொரு முறையும் அவர் நிறுத்தி, ஒரு வார்த்தை பேசாமல், அந்த வரிசையைப் பிரித்துச் சரிசெய்வார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

ஒருவேளை எல்லாம் என் கற்பனையோ என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. பெட்ரோல் தீரும், ஷூ அளவு தப்பும், பசி இல்லாமலும் போகும். தனித்தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லை. யாரிடமாவது போய்ச் சொன்னால், "இதுக்கா அழற?" என்பார்கள். ஒரு நல்ல மனிதரைச் சந்தேகப்படுகிற கெட்ட மனசு எனக்கு என்று நானே என்னைத் திட்டிக்கொள்வேன். அப்படித் திட்டி முடித்ததும் அடுத்த "பசியில்ல" வரும்.

வேலையில் சேரப் பதினைந்து நாள் இருக்கும்போது தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த இழை, பழைய பாவு, முடிந்தது. பட்டும் கூலியும் கொடுக்கிற முதலாளியிடம் புதுப் பாவு வாங்கி வர அவர் போனார். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதி. இனிமேல் ஒற்றை நாடாச் சேலை எடுக்கலாம், அதை ஒரே ஆள் உட்கார்ந்து நெய்யலாம் என்று எங்களுக்குள் முன்பே பேச்சு. அவரும் சரி என்றிருந்தார். சாயங்காலம் திரும்பி வந்தார். மூட்டையைப் பிரித்தேன். அரக்கு உடல், பச்சைக் கரை. கோர்வை.

 அவராகவே, "முதலாளி இததான் குடுத்தாரு, நான் இன்னா பண்றது?" என்றார். மறுநாள் ஆள் வந்து புதுப் பாவைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்துவிட்டுப் போனார். ஒரு பாவில் மூன்று சேலை. ஏற்றினால் ஏற்றியதுதான். மூன்றையும் நெய்து அறுக்காமல் தறி காலியாகாது. அதற்கு மாதங்கள் ஆகும். அத்தனை நாளும் வலப்பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

விதி என்று நினைத்தேன். கம்பெனிக்குப் போன் செய்து வர முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுகூடப் போனை எடுத்தேன். நம்பர் வரை போய்விட்டு வைத்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் எழுந்ததும் முதல் நினைப்பே, கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமே, இன்னும் சொல்லவில்லையே என்பதுதான். 

அந்தக் குழப்பத்தில்தான் கம்பெனி வைத்த வகுப்புக்குப் போனேன். சேருவதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு நாள் வகுப்பு. சின்ன வயசுப் பெண் ஒருத்தி வந்து, வேலை இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று பாடம் எடுத்தாள். திரையில் ஒரு வார்த்தை வந்தது. பாஸிவ் அக்ரஸிவ். நாற்பது பெண்களில் ஒருத்திக்கும் புரியவில்லை. தமிழில் என்ன மேடம் என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, அந்தப் பெண் போனில் தட்டிப் பார்த்து, "செயலற்ற ஆக்கிரமிப்பு" என்று படித்தாள். ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு நோட்டீஸ் அனுப்பியது போல இருந்தது. சிரித்துவிட்டோம், அவளும் சிரித்தாள்.

பிறகு அவள் போனை வைத்துவிட்டுத் தன் வார்த்தையில் சொன்னாள். ஒருவருக்கு உள்ளே கோபம் இருக்கும், வாய் அதைச் சொல்லாது. வாய் சரி என்று சொல்லும், கை மாட்டேன் என்று செய்யும். லேட்டாக வருவது, மறந்துபோவது, அரைகுறையாக முடிப்பது, பேசாமல் இருப்பது, கேலி மாதிரி குத்துவது, எல்லாம் அந்தக் கோபம்தான். கேட்டால் கோபமே இல்லை என்பார்கள் என்றாள். அவள் பேசப் பேச எனக்குக் காது சூடேறியது. எங்கள் வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாளோ என்று இருந்தது.

எங்களுக்குத் தமிழ் வார்த்தை கிடைக்காமல் இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது என்றாள் ஒருத்தி. ஜாடை பேசுவது என்றாள் இன்னொருத்தி. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். தெரிந்தே செய்கிறவர்களுக்கு அது பொருந்தும். என் வீட்டுக்காரர் தெரிந்துதான் செய்கிறாரா என்பது எனக்கே தெரியாதபோது நான் எந்த வார்த்தையைப் பிடிப்பது? சும்மா இருக்கிற சுபாவம் கொண்டவர்களும் உண்டு. என் அப்பா அப்படித்தான், அவர் பேசாமல் இருந்தால் அது வெறும் பேசாமை, அதில் யாரும் பயப்பட ஒன்றும் இருக்காது.

பஸ்ஸில் திரும்பும்போது வேறு ஒன்று தோன்றியது. முதலாளியிடம் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்ன நெசவாளி யாரையும் நான் பார்த்ததில்லை. ஆவட்டுங்க என்பார்கள். பிறகு சேலை வராது. மழை, தறி ஈரம் கோத்துக்கொண்டது, உடம்பு சரியில்லை, ஜரிகை பத்தவில்லை. மழையில் ஈரம் கோப்பது நிஜம்தான். ஆனால் கோபம் வந்த வருடத்தில் மழை கொஞ்சம் அதிகமாகவே பெய்யும். முதலாளி கூலியை இழுத்தடித்தால் இவர்கள் சேலையை இழுத்தடிப்பார்கள். இரண்டு பக்கமும் மரியாதை குறையாது. மேலே இருக்கிறவனிடம் கோபத்தைக் காட்ட முடியாதவன் வேறு என்ன செய்வான்? அதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. என்னிடம் எதற்கு அதே வித்தை? நான் என்ன முதலாளியா? அவர் குரலை உயர்த்தினால் அடங்கிப்போகிறவள்தானே நான்?  

இரண்டு நாள் கழித்துப் பட்டு கொஞ்சம் குறைகிறது என்று வாங்கிவர என்னை முதலாளி வீட்டுக்கு அனுப்பினார். முதலாளி ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் நான், இந்தத் தடவை ஒற்றை நாடாப் பாவு இல்லாமல் போய்விட்டதே என்று மென்று முழுங்கிச் சொன்னேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ஒத்த நாடாதாம்மா எடுத்து வெச்சிருந்தேன். உன் வூட்டுக்காரர்தான் கோர்வையே குடுங்கன்னு கேட்டு வாங்கினு போனாரு" என்றார்.

பட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதையும் பார்க்காமல் நடுத்தெருவில் நடந்தேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சொன்னால் வெட்கம், முதலில் வந்தது நிம்மதி. நான் பைத்தியம் இல்லை. கற்பனை இல்லை. அதன் பின்னால்தான் கோபம் வந்தது, தெருமுனைக்குள் உடம்பெல்லாம் எரிந்தது. அதற்கும் பின்னால் பயம். இதைக் கேட்டுவிட்டால் அப்புறம் நாங்கள் என்னவாக இருப்போம்? கேட்காமல் விட்டால் சாகும்வரை தம்ளர் சத்தத்தை எடைபோட்டுக்கொண்டு இருப்பேன். வீடு வரும்வரை இந்த இரண்டுக்கும் நடுவில் ஆடினேன்.

வீட்டில் அவர் எனக்காகக் காத்திருந்தார். நான் போய் வலப்பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நாடாவை ஓட்டினார். என் முறை வந்தது. நான் கரை நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டாமல் இருந்தேன்.

இழை அறுந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"ஒத்த நாடா பாவு இருந்துச்சாமே" என்றேன். "நீங்கதான் கோர்வை கேட்டு வாங்கினு வந்தீங்களாமே."

தறியில் சத்தம் இல்லை என்றால் எங்கள் வீடு எவ்வளவு சின்னது என்று தெரிந்துவிடும். அவர் சேலையின் மேல் இல்லாத ஒரு தூசியை நகத்தால் எடுத்தார். மறுப்பார், முதலாளிக்கு வயசாகிவிட்டது என்பார், சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். 

"ஆமா" என்றார்.

"போவாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ நின்னுடுவ."

எனக்குப் புரியவில்லை. நிற்க வேண்டும் என்றுதானே இத்தனையும்?

அவர் நாடாவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நான் சொல்லி நீ நின்னுட்டா, ஆயுசுக்கும் நான்தான் நிறுத்தினேன்னு ஆவும். பாவு நிறுத்துச்சுன்னா அது வேற."

என் இடத்தில் வேறு ஒருத்தி இருந்தால் அப்போது இரங்கியிருப்பாளோ என்னவோ. நான் இரங்கவில்லை. இத்தனை நாள் என் நெஞ்சில் அடித்த அடியெல்லாம் இவர் நல்லவராக மிஞ்ச வேண்டும் என்பதற்காகவா என்று ஆத்திரம் பொங்கியது. வேலைக்குப் போகாமல் நான் வீட்டில் நிற்க வேண்டும், அதில் இவர் கைபடக் கூடாது. பழி பாவுக்குப் போக வேண்டும், முதலாளிக்குப் போக வேண்டும், என் தலையெழுத்துக்குப் போக வேண்டும். அந்த வகுப்புப் பெண் திரையில் போட்டுக் காட்டியதில் இது இல்லை. என்னைக் கண்டு அவருக்குப் பயம் இல்லை. என் மனசில் பிற்பாடு தான் எப்படிப்பட்ட மனிதராக இருப்போம் என்பதில்தான் பயம். பயந்த மனிதர் என்று தெரிந்தும் என் ஆத்திரம் ஒரு சொட்டும் குறையவில்லை.

"இப்ப சொல்லுங்க" என்றேன். "போவட்டுமா, வேணாமா? பாவு இல்ல, முதலாளி இல்ல. நீங்க சொல்லுங்க."

அவர் நாடாவைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"போவாத."

"நான் போறேன்" என்றேன். 

அப்புறம் அவர் கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காத கத்தல். தறியை யார் பார்ப்பது, தான் ஒண்டியாக உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டு இருக்கணுமா, கற்றுக்கொடுத்தவன் முட்டாளா என்றார். நானும் விடவில்லை. வலது கரை யார் நெய்தது என்று இதுவரை ஒருத்தரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் டிவியைக் குறைத்தார்கள், நாங்கள் பேசுவது கேட்கட்டும் என்று. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் அழுதேன். அழுதுகொண்டே ஒன்றைக் கவனித்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஏன் அடிக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. மிச்ச நாட்களில் இரண்டு தரம் சண்டை போட்டோம். கரைக்கு உட்கார அவருடைய உறவில் ஒரு பெண்ணைக் கேட்கலாம் என்று பேச்சு வந்தது, முடிவாகவில்லை. அந்த மூன்று சேலையையும் யாரை வைத்து அவர் நெய்வார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியாது. நான் செய்வது சரியா என்பதும் எனக்குத் தெரியாது. போகப்போகிறேன் என்பது மட்டும் தெரியும்.

சேருகிற நாள் காலையில் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார், நெய்யவில்லை. சொல்லாமல் கிளம்புவதா, சொல்லிவிட்டுக் கிளம்புவதா என்று வாசலுக்கும் தறிக்கும் நடுவில் தவித்தேன். என்ன முகத்தைக் காட்டப்போகிறாரோ, அதைச் சுமந்துகொண்டு நாளெல்லாம் எப்படி அங்கே உட்காருவேனோ என்று இருந்தது.

வரேங்க என்றேன்.

அவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது.

"எனக்கு கோவமாதான் இருக்குது" என்றார். "போய்ட்டு வா."